முந்தைய இரவே முடிவாகிவிடும் டோர்ட்டியா

மெக்சிகோவின் மெல்லிய தட்டை ரொட்டியான டோர்ட்டியா சரியாக வரவில்லை என்றால் பழி முதலில் கல்லின் மேல் விழும். கல் தப்பித்துக்கொண்டால் அழுத்தும் பலகையின் மேல். இரண்டுமே பாவம். ஓரம் வெடிப்பது, உப்பாமல் படுத்துக் கிடப்பது, ஆறியதும் அப்பளமாக நொறுங்குவது, கையில் பசையாக அப்பிக்கொள்வது என்று எதை எடுத்தாலும், முக்கால்வாசிக் கோளாறு முந்தின இரவு மக்காச்சோளம் ஊறிய பானையிலேயே நடந்து முடிந்திருக்கும். காலையில் கை அதை வெளியே காட்டுகிறது, அவ்வளவுதான். அதனால் இங்கே பானைக்கும் அரைப்புக்கும் பெரிய இடம், சுடுவது அப்புறம்.

சேர்மானம் மூன்றே: காய்ந்த மக்காச்சோளம், தண்ணீர், சுண்ணாம்பு. உப்பு கிடையாது, எண்ணெய் கிடையாது. மெக்சிகோவின் வட மாநிலங்களில் கொழுப்பும் உப்பும் சேர்த்துக் கோதுமையில் செய்யும் டோர்ட்டியா வேறு பண்டம். இங்கே பேச்சு சோள டோர்ட்டியாவைப் பற்றி மட்டும்.

சுண்ணாம்பு எதற்கு?

மக்காச்சோளத்தை நேராக மாவாக அரைத்துத் தண்ணீர் விட்டுப் பிசைந்தால் அது சேர்ந்து நிற்காது. பஞ்சாபில் மக்கி ரொட்டி தட்டுகிறவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். வெந்நீர் ஊற்றி எவ்வளவு அழுத்திப் பிசைந்தாலும் ஓரம் வெடித்துக்கொண்டே இருக்கும், மடித்தால் முறியும். கோதுமையில் மாவை இழுத்துப் பிடிக்கிற குளூட்டன் சோளத்தில் இல்லை. அந்த வேலையை வேறு வழியில் வாங்குவதுதான் சுண்ணாம்பின் பங்கு. சுண்ணாம்பு நீரில் சோளம் சூடாகும்போது மேல்தோலைக் கட்டிப் பிடித்திருக்கும் நார்ப்பொருள் இளகிப் பசையாகிறது. உள்ளே மாவுச்சத்தின் ஒரு பகுதி மட்டும் வேகிறது. கால்சியம் மணிக்குள் இறங்கி மாவைப் பிணைக்கிறது. இந்தப் பசை, அரைவேக்காட்டு மாவுச்சத்து, கால்சியம் மூன்றும் சேர்ந்துதான் மடித்தாலும் முறியாத டோர்ட்டியாவைத் தருகின்றன. டோர்ட்டியாவுக்கே உரிய அந்த மண்வாசனை கலந்த மணமும் இதிலிருந்து வருவதுதான்.

இப்படி வேகவைத்து ஊறிய சோளத்துக்கு நிஷ்தமல் என்று பெயர். மெக்சிகோவின் பழங்குடி மொழியான நாவாட்லில் 'நெக்ஸ்ட்லி' என்றால் சாம்பல். சுண்ணாம்புக்குப் பதில் விறகுச் சாம்பலிலும் இதைச் செய்ததன் தடயம் அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. அரைத்த மாவு மாசா. சுண்ணாம்புக்கு ஸ்பானிய மொழியில் 'கால்' என்பார்கள். அதைத் தமிழில் எழுதினால் சமையல் குறிப்பு வைத்தியக் குறிப்பாகிவிடும், ஆகவே சுண்ணாம்பு என்றே போவோம்.

ருசியும் பதமும் மட்டுமல்ல விஷயம். சோளத்திலுள்ள நியாசின் என்ற வைட்டமின் கட்டுண்டு கிடப்பதால் நம் உடம்பு அதை எடுத்துக்கொள்ள முடியாது. சுண்ணாம்பு அந்தக் கட்டை அவிழ்க்கிறது. சோளத்தை அமெரிக்கக் கண்டத்திலிருந்து கொண்டுபோன ஐரோப்பா இந்தச் சுண்ணாம்பு வேலையைக் கூடவே கொண்டுபோகவில்லை. சோளத்தையே நம்பி வாழ்ந்த ஏழைகளை நியாசின் குறைவால் வரும் பெலாக்ரா நோய் பிடித்தது. ஸ்பெயினின் அஸ்தூரியாஸ் பகுதியில் காஸ்பார் காசால் என்ற மருத்துவர் 1735இல் அதை விவரித்து எழுதினார். அமெரிக்காவின் தென் மாநிலங்களில் அதற்குக் காரணம் கிருமியல்ல, சாப்பாடுதான் என்று மருத்துவர் ஜோசப் கோல்ட்பெர்கர் 1914 முதல் ஆராய்ந்து காட்டினார். மெக்சிகோவின் கிராமத்துச் சமையலறைகளில் இதெல்லாம் தெரியாமலேயே தீர்ந்திருந்த பிரச்சினை.

எந்தச் சோளம், எந்தச் சுண்ணாம்பு

அவித்துத் தின்கிற இனிப்புச் சோளம் ஆகாது; அதில் மாவுச்சத்து போதாது. பாப்கார்ன் சோளம் ஆகும் என்றாலும் மணி கண்ணாடி மாதிரி இறுகியது, தோலும் முரடு. வேகும் நேரம் கூடும், அரைப்பவர் பாடும் கூடும். வேண்டியது செடியிலேயே முற்றிக் காய்ந்த, மாவு மிகுந்த வயல் சோளம். மணியின் உச்சியில் பல்லில் விழுந்த குழிபோல ஒரு பள்ளம் இருந்தால் நல்லது. மெக்சிகோவில் 59 நாட்டு இனங்கள் கணக்கில் உள்ளன. வஹாக்கா மாநிலத்தின் 'பொலீட்டா' டோர்ட்டியாவுக்குப் பேர்போனது. 'ககவசிந்த்லே' என்ற பருமனான மணி பொசோலே என்கிற சாறுக்குப் போகும். நீலச் சோளம் மென்மையானது. சுண்ணாம்பும் நேரமும் குறைவாகவே கேட்கும். சுண்ணாம்பு மிஞ்சினால் அதன் நீலம் பச்சையாகத் திரும்பிவிடும், பார்த்தாலே தெரியும்.

தமிழ்நாட்டில் விளையும் மக்காச்சோளத்தில் பெரும்பகுதி கோழித் தீவனத்துக்குப் போகிறது. தீவனக் கடையில் கிடைக்கும் மூட்டையைச் சமையலுக்கு எடுக்க வேண்டாம். அதைத் தரம் பிரிப்பது கோழியை நினைத்து, நம்மை நினைத்து அல்ல. பூஞ்சை பிடித்த மணியில் அஃப்ளடாக்சின் என்ற நச்சு இருக்கலாம்; சுண்ணாம்பில் வேகவைத்தால் அது குறையும், முழுக்கப் போகாது. விதைக்கென்று விற்கும் சோளத்தில் மருந்து பூசியிருக்கும், அதைத் தொடவே கூடாது. உணவுக்கென்று விற்கும் முழு மணியாக வாங்கி, உடைந்தது, நிறம் மாறியது, துளை விழுந்தது ஆகியவற்றைப் பொறுக்கி எறிய வேண்டும். மேலே மிதக்கும் மணிகளும் குப்பைக்குத்தான்.

சுண்ணாம்பு என்பது இங்கே நீற்றிய சுண்ணாம்பு, அதாவது கால்சியம் ஹைட்ராக்சைடு. நீற்றாத சுட்ட சுண்ணாம்பு தண்ணீர் பட்டதும் கொதித்துத் தெறிக்கும். கண்ணில் பட்டால் ஆபத்து. வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பும் அடிப்படையில் இதே பொருள்தான், ஆனால் பசையாக வருவதால் அதில் தண்ணீர் எவ்வளவு என்று தெரியாது, எடைக் கணக்கு தவறும். நிறமும் மணமும் சேர்த்த வகைகளும் உண்டு. வெள்ளையடிக்கும் சுண்ணாம்பு பக்கமே போக வேண்டாம். உணவுத் தரம் என்று அச்சிட்ட தூள்தான் சரி. திறந்த டப்பாவில் மாதக்கணக்கில் கிடந்த தூள் காற்றுப் பட்டு வீரியம் இழந்துவிடும். இறுக மூடி வைக்க வேண்டும்.

பானை

1 கிலோ சோளத்துக்கு 10 கிராம் சுண்ணாம்புத் தூள், 3 லிட்டர் தண்ணீர். இந்த 1 சதவீதம்தான் தொடங்க ஏற்ற அளவு. தோல் முரடான சோளத்துக்கு 12 கிராம் வரை போகலாம், நீலத்துக்கு 7 கிராம் போதும். தேக்கரண்டியில் அளக்காமல் தராசில் நிறுக்க வேண்டும். ஒரு கரண்டித் தூள் அழுத்தினால் ஒரு எடை, தளர்வாக எடுத்தால் இன்னொரு எடை.

பாத்திரம் எவர்சில்வர், எனாமல் அல்லது மண்பானை. அலுமினியத்தைச் சுண்ணாம்பு அரிக்கும்.

சோளத்தைக் கழுவி, குளிர்ந்த தண்ணீரில் போட்டு, சுண்ணாம்பைக் கொஞ்சம் நீரில் கரைத்து ஊற்றி, நடுத்தரத் தீயில் ஏற்ற வேண்டும். மணியின் நிறம் சில நிமிடங்களில் மஞ்சளாக மாறும். வெள்ளைச் சோளம்கூட மாறும், பயப்பட வேண்டாம். கொதி வருவதற்குச் சற்று முன், அடியிலிருந்து சிறு குமிழிகள் எழும் நிலையில் தீயைக் குறைத்து அப்படியே வைத்திருக்க வேண்டும். வெப்பமானி இருந்தால் 85 முதல் 90 டிகிரி. தளதளவென்று கொதிக்க விட்டால் வெளிப்புறம் குழையும், உள்புறம் பச்சையாக நிற்கும்.

எவ்வளவு நேரம்? பொதுவாக 30 முதல் 45 நிமிடம். ஆனால் கடிகாரத்தை நம்புகிறவர்கள்தான் இங்கே அதிகம் ஏமாறுவார்கள். புதிய அறுவடை சீக்கிரம் வேகும், இரண்டு வருடம் கிடந்த சோளம் அடம் பிடிக்கும். 20ஆம் நிமிடத்திலிருந்து ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டு மணியை எடுத்துப் பார்க்க வேண்டும். விரலிடையில் வைத்துத் தேய்த்தால் தோல் வழுக்கிக் கழன்று வர வேண்டும்; முதல் அடையாளம் அது. அப்புறம் மணியைக் குறுக்கே வெட்டினால் வெளிவட்டம் ஈரம் ஏறிப் பளபளப்பாகவும் நடுப்பகுதி காய்ந்து வெள்ளையாகவும் இருக்க வேண்டும். அந்த வெள்ளை மணியில் பாதியளவு இருக்கும்போதே அடுப்பை அணைத்துவிட வேண்டும். மிச்சத்தை ஊறல் பார்த்துக்கொள்ளும்.

மூடி, அதே சுண்ணாம்பு நீரில் 8 முதல் 12 மணி நேரம் அப்படியே விட வேண்டும். பானை மெல்ல ஆறிக்கொண்டே வரும். ஈரம் அதற்கேற்ப நிதானமாக உள்ளே போகும். காலையில் ஒரு மணியை வெட்டிப் பார்த்தால் நடுவில் ஊசிமுனை அளவு வெள்ளைப் புள்ளி மட்டும் எஞ்சியிருக்க வேண்டும். அந்தப் புள்ளிதான் இந்தத் தொழிலின் அளவுகோல். புள்ளி பெரிதாக இருந்தால் மாசா நறநறவென்று இருக்கும், டோர்ட்டியா ஓரத்தில் வெடிக்கும். பானையை மறுபடி 10 நிமிடம் சூடேற்றி ஒரு மணி நேரம் விட்டால் மீட்டுவிடலாம். புள்ளியே இல்லாமல் மணி முழுக்க மெத்தென்றாகிவிட்டால் மாசா பசையாகும், பிளாஸ்டிக்கை விட்டு வராது. இதை மீட்க முடியாது. மாவை மடலில் பொதிந்து ஆவியில் வேகவைக்கும் தமாலேக்கோ கஞ்சிக்கோ திருப்பிவிடுவது புத்திசாலித்தனம். சந்தேகம் வந்தால் குறைவாக வேகவைப்பதே மேல்.

ஊறிய மஞ்சள் நீரை நெஹயோத்தே என்பார்கள். அதைக் கொட்டிவிட்டுச் சோளத்தைத் தண்ணீரில் இரண்டு முறை கழுவ வேண்டும். கழுவும்போது கையால் தேய்த்தால் தோல் உரிந்து மிதக்கும். எல்லாத் தோலையும் உரித்துப் பளிச்சென்று ஆக்கும் ஆசை பலருக்கு வரும், அடக்கிக்கொள்ள வேண்டும். பாதித் தோல் போனால் போதும். மிச்சமிருக்கும் தோலின் பசைதான் மாசாவை இழுத்துப் பிடிக்கிறது; முழுக்கக் கழுவியது வெள்ளையாக இருக்கும், ஆனால் சப்பென்றும் உதிரியாகவும் வரும். கழுவவே கழுவாவிட்டால் சோப்பு வாடை, நாக்கில் ஒரு கரிப்பு. அந்த மஞ்சள் நீரைச் செடிக்கு ஊற்றக் கூடாது, சுண்ணாம்பின் காரத்தன்மை அதிகம்.

அரைப்பு

இதற்கென்று மெசோஅமெரிக்காவில், அதாவது பழைய மெக்சிகோவிலும் அதன் தெற்கே உள்ள நாடுகளிலும், இருந்தது மெடாட்டே: மூன்று கால்களில் சாய்ந்து நிற்கும் எரிமலைக் கல். அதன் மேல் இரு கையாலும் பிடித்து ஓட்டும் குழவிக்கு மெத்லபில் என்று பெயர். நம் அம்மியைப் பார்த்தவர்களுக்கு அது அந்நியமாகத் தோன்றாது. வித்தியாசம் அந்தச் சாய்வில் இருக்கிறது. பெண் மண்டியிட்டு மேல்பக்கம் உட்கார்ந்து முன்னே தள்ளித் தள்ளி அரைக்க, மாவு தானே கீழ்முனைக்கு நகர்ந்து விழும். முதல் ஓட்டத்தில் உடைப்பு, அடுத்த ஓட்டத்தில் மாவு. ஒரு குடும்பத்துக்கு வேண்டியதை இப்படி அரைக்க நாளில் பல மணி நேரம் போகும். 20ஆம் நூற்றாண்டில் நிஷ்தமல் அரைக்கும் மில்கள் ஊர் ஊராக வந்த பிறகே அந்த முதுகுகள் நிமிர்ந்தன. இன்றும் மெக்சிகோவில் சொந்தமாகச் சோளம் வேகவைக்கும் பலர் வாளியைத் தூக்கிக்கொண்டு மில்லுக்குத்தான் போகிறார்கள்.

வீட்டில் என்ன செய்வது? சிறந்தது கையால் சுற்றும் வார்ப்பிரும்பு மில். தட்டுகள் உரசும்வரை திருகாணியை இறுக்கி, ஒரு மயிரிழை தளர்த்தி, சோளத்தை இரண்டு முறை விட வேண்டும். முதல் முறை ரவை போல வரும், இரண்டாவது முறைதான் மாவு. மேசையோடு மில்லை நன்றாகக் கட்டிக்கொள்ளாவிட்டால் சுற்றுவது மேசையைத்தான்.

வெட் கிரைண்டர் அரைக்கும், ஆனால் அது இட்லிமாவுக்காகப் பிறந்தது. ஓடும் மாவைத்தான் அதற்குப் பிடிக்கும். டோர்ட்டியா மாவோ கெட்டியானது. தண்ணீர் குறைத்தால் கல் சோளத்தின் மேல் வழுக்கி ஓடும், கூட்டினால் மாவு தோசைக்குப் போய்விடும். ஒரு தடவைக்கு 300 கிராம் நிஷ்தமல் மட்டும் போட்டு, தண்ணீரைக் கரண்டி கரண்டியாகத் தெளித்து, ஓரத்தில் ஒதுங்குவதைத் தள்ளிக்கொண்டே அரைக்க வேண்டும். அப்படியும் நெகிழ்ந்துதான் வரும். துணியில் கட்டி அரை மணி நேரம் தொங்கவிடலாம், அல்லது மாசா அரினா என்ற உலர்மாவைக் கொஞ்சம் கலந்து கெட்டியாக்கலாம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. மிக்சியும் இதே கதைதான். கூடவே சூடாகிவிடும் என்பதால் விட்டு விட்டு ஓட்ட வேண்டும். அம்மியில் கால் கிலோ தாராளமாக அரைக்கலாம், மிளகாய் அரைக்காத அம்மி வீட்டில் இருந்தால்.

எதில் அரைத்தாலும் முடிந்த கையோடு கழுவிவிட வேண்டும். காய்ந்த மாசா சிமென்ட்தான்.

மாவைக் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே தேய்த்துப் பார்த்தால் நைஸ் ரவையைவிட மென்மையாக, மிக லேசான நறநறப்போடு இருக்க வேண்டும். முழுமணித் துணுக்குகள் தட்டுப்பட்டால் அவை சுடும்போது ஓட்டை போடும். ஓட்டை வழியே ஆவி போய்விட்டால் டோர்ட்டியா உப்பாது. 1 கிலோ காய்ந்த சோளம் ஊறி சுமார் 1.6 கிலோ ஆகும், அரைப்பில் சேரும் நீரோடு 1.9 கிலோ மாசா கிடைக்கும். 30 கிராம் உருண்டையாக எடுத்தால் 60க்கு மேல் வரும்.

சோளம், மில் என்று எதுவும் கைக்கு எட்டாதவர்களுக்கு மாசா அரினா இருக்கிறது. இது நிஷ்தமல் செய்து அரைத்து உலர்த்திப் பொடித்தது. மெக்சிகோவின் நுவேவோ லியோன் மாநிலத்து செர்ரால்வோ ஊரில் 1949இல் தொடங்கிய மசேகா நிறுவனம்தான் இதைக் கடைப்பொருளாகப் பரப்பியது. 250 கிராமுக்கு 350 மில்லி வெதுவெதுப்பான தண்ணீர், 5 நிமிடம் பிசைந்து ஈரத்துணி மூடி 20 நிமிடம் விட வேண்டும். மணம் நிஷ்தமலில் பாதிகூட இருக்காது, ஆனால் கை பழக இதைவிட நல்ல மாவு இல்லை. ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி நடந்துகொள்ளும். நம் ஊர்க் கடையில் கார்ன்ஃப்ளவர் என்று விற்கும் வெள்ளைத்தூள் வெறும் மாவுச்சத்து, மக்கி ஆட்டா சுண்ணாம்பு காணாத மாவு. இரண்டிலும் டோர்ட்டியா வராது.

பதம்

புதிதாகச் செய்கிறவர்கள் எல்லாரும் மாவைக் கெட்டியாகத்தான் பிசைகிறார்கள். சப்பாத்தி மாவு மனதில் இருப்பதால் வரும் வினை. மாசா கொழுக்கட்டை மேல்மாவை விடச் சற்று நெகிழ்வாக இருக்க வேண்டும். அளக்க எளிய வழி: 30 கிராம் உருண்டையை உள்ளங்கையில் வைத்து அரை அங்குலத்துக்கு அமுக்கவும். ஓரத்தில் விரிசல் கண்டால் ஈரம் போதாது. ஒரு தேக்கரண்டி நீர் சேர்த்துப் பிசைந்து மறுபடி பார்க்கவும். ஓரம் வழவழவென்று இருந்து கையிலும் ஒட்டாவிட்டால் சரி. கையில் மாவு படலமாக ஒட்டினால் ஈரம் கூடிவிட்டது. கொஞ்ச நேரம் திறந்து வைத்துப் பிசைந்தால் சரியாகும்.

மாசா நிமிடத்துக்கு நிமிடம் காயும், மின்விசிறிக்குக் கீழே இன்னும் வேகமாக. முதல் பத்து நன்றாக வந்து பதினோராவதில் ஓரம் வெடிக்கத் தொடங்கினால் கை மாறவில்லை, மாவு காய்ந்திருக்கிறது. ஈரத்துணி மூடியே இருக்க வேண்டும், அவ்வப்போது கையை நனைத்துப் பிசைய வேண்டும்.

தட்டுவது

உள்ளங்கையில் தட்டிச் செய்வது பழைய முறை. குவாத்தமாலாவிலும் எல் சல்வடாரிலும் இன்றும் அதுதான் வழக்கம். அங்கே டோர்ட்டியா சிறியது, தடிமனானது. 45 கிராம் உருண்டை எடுத்து, கையை நனைத்துக்கொண்டு, முதலில் வடைபோலத் தட்டையாக்க வேண்டும். பிறகு ஒரு கையின் விரல்கள் மேல் வைத்து மறுகை விரல்களால் தட்ட, தட்டும்போதே அது இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாறும். மாறும்போது சிறிது திரும்பும். கை மாறுதல், திரும்புதல், தட்டு மூன்றும் ஒரே அசைவு. 11 அல்லது 12 சென்டிமீட்டர் அகலம், 4 முதல் 5 மில்லிமீட்டர் தடிமன் வந்தால் நிறுத்தலாம்.

எல்லாருக்கும் நடக்கும் தவறு ஒன்று உண்டு. நடுப்பகுதி மெலிந்து ஓரம் தடித்துவிடும். உள்ளங்கையால் தட்டுவதே காரணம்; உள்ளங்கையின் மேடு நடுவில்தான் விழுகிறது. விரல்களின் அடிப்பகுதியால், ஓரத்தைப் பார்த்துத் தட்ட வேண்டும். ஓரம் கிழிந்தால் ஈரவிரலால் கிள்ளி ஒட்டிவிடலாம். கை காய்ந்ததும் மாவு ஒட்டத் தொடங்கும்; பக்கத்தில் ஒரு கிண்ணம் தண்ணீர் இல்லாமல் உட்காரவே கூடாது.

மெக்சிகோவின் யுகாத்தான் பகுதியில் மாயா இனப் பெண்கள் வேறு வகையில் செய்வார்கள். தாழ்வான மேசையில் வாழையிலைத் துண்டு அல்லது பிளாஸ்டிக் விரித்து, அதன் மேல் உருண்டையை வைத்து, ஒரு கை விரல்களால் அழுத்திக்கொண்டே மறுகையால் ஓரத்தை அணைத்துச் சுற்றிச் சுற்றிப் பரப்புவார்கள். மாயா மொழியில் அதற்குப் 'பகாச்' என்று பெயர். போளியும் அதிரசமும் இலையில் தட்டிப் பழகியவர்களுக்கு இது ஒரே நாளில் கைவரும். அந்தரத்தில் தட்டுவதைவிட இதில் தொடங்குவதுதான் எளிது. மெல்லியதாகவும் வரும்.

மெக்சிகோவின் மற்றப் பகுதிகளில் வீட்டுக்கு வீடு அழுத்தும் பலகை இருக்கிறது, மரத்திலோ வார்ப்பிரும்பிலோ. அது இல்லாவிட்டால் கனமான, அடி தட்டையான பாத்திரத்தால் அழுத்தலாம். உருண்டைக்கு மேலும் கீழும் பிளாஸ்டிக் தாள். காய்கறிக் கடையின் மெல்லிய சரசரக்கும் பை கெட்டிப் பிளாஸ்டிக்கைவிட நன்றாக உரியும். 30 கிராம் உருண்டையை நடுவிலிருந்து கீல் பக்கம் ஒரு விரல் தள்ளி வைக்க வேண்டும், ஏனென்றால் அழுத்தும்போது மாவு கைப்பிடிப் பக்கம் நகரும். முதலில் லேசாக ஒரு அழுத்து, தாளோடு அரைவட்டம் திருப்பி மறுபடி ஒரு அழுத்து. 13 சென்டிமீட்டர் அகலம், 2 மில்லிமீட்டர் தடிமன். அதைவிட மெலிந்தால் உரிக்கும்போதே கிழியும்.

உரிப்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. மேல்தாளை முதலில் உரித்து, டோர்ட்டியாவைக் கையின் மேல் கவிழ்த்து, பாதி விரல்களின் மேலும் பாதி வெளியே தொங்கும்படியும் வைத்துக்கொண்டு மறு தாளை உரிக்க வேண்டும். எப்போதும் மாவிலிருந்து தாளை இழுக்க வேண்டும், தாளிலிருந்து மாவை அல்ல.

கல்

மெக்சிகோவில் சுடும் தட்டுக்குக் கொமால் என்று பெயர். மண் கொமாலுக்குச் சுண்ணாம்பைத் தண்ணீரில் கரைத்துப் பூசிக் காயவைப்பார்கள், ஒட்டாது. வீட்டில் கனமான இரும்பு தோசைக்கல் அந்த வேலையைச் செய்யும். எண்ணெய்ப் பூச்சை நன்றாகத் துடைத்துவிட வேண்டும். எண்ணெய் இருந்தால் டோர்ட்டியா வறுபடும், சுடாது. நான்ஸ்டிக் இவ்வளவு சூட்டுக்கு ஏற்றதல்ல.

சூடு 230 முதல் 250 டிகிரி. தெளித்த நீர்த்துளி நின்று கொதிக்கக் கூடாது, முத்தாக உருண்டு ஓடி மறைய வேண்டும். தொங்கும் ஓரம் கல்லைத் தொட்டதும் கையை டோர்ட்டியாவுக்கு அடியிலிருந்து பின்னால் இழுத்துக்கொண்டால் அது தானே படிந்துவிடும். தொப்பென்று போட்டால் அடியில் காற்று மாட்டிச் சுருங்கும்.

முதல் பக்கம் 15 நொடிதான். ஓரம் லேசாக நிறம் மாறி, நகர்த்தினால் நகரும் நிலை வந்ததும் திருப்ப வேண்டும். இந்தக் குறுகிய சூட்டில் அந்தப் பக்கம் உலராமல் ஒரு மெல்லிய படலமாக மூடிக்கொள்கிறது. இரண்டாவது பக்கம் 45 நொடி முதல் ஒரு நிமிடம், பழுப்புப் புள்ளிகள் தெரியும்வரை. இந்தப் பக்கம்தான் வேக வேண்டும். மறுபடி திருப்பினால் 10 நொடியில் நடுவில் ஆவி சேர்ந்து உப்ப வேண்டும். உப்பத் தயங்கினால் விரல் நுனியாலோ மடித்த துணியாலோ ஓரத்தில் இரண்டு தட்டு. மொத்தம் ஒன்றரை நிமிடம். கையால் தட்டிய தடிமனானதற்கு 3 நிமிடம்வரை ஆகலாம், தீ சற்றுக் குறைவாக.

முதல் பக்கத்தை அதிக நேரம் விடுவதுதான் உப்பாமைக்குப் பெரிய காரணம். படலம் உலர்ந்து விறைத்துவிட்டால் ஆவி அதைத் தூக்காது. கல் ஆறியிருந்தால் டோர்ட்டியா மெல்ல உலரும், உப்பாது, தோல் போல இழுக்கும். கல் மிஞ்சிச் சூடாக இருந்தால் போட்டதுமே சிறுசிறு கொப்புளங்கள் வெடித்து, ஒரே பையாகச் சேர வேண்டிய ஆவி பல இடத்தில் கசிந்துவிடும், உள்ளே பச்சை வாடை நிற்கும். அடுப்பு இடம் கொடுத்தால் இரண்டு கல் வைத்துக்கொள்ளலாம்: மிதமானதில் முதல் பக்கம், நல்ல சூட்டில் மற்றவை.

டோர்ட்டியா உப்பினால் 'இனி உனக்குக் கல்யாணம் பண்ணலாம்' என்று மெக்சிகோவில் பெண்களைச் சீண்டுவது வழக்கம். பாவம், அந்தச் சம்பந்தம் முழுக்க மாவின் ஈரத்தைப் பொறுத்தது. உப்பாததும் தின்னத் தகுந்ததே, ருசியில் பெரிய குறை இருக்காது.

சுட்டதும் தின்றால் சற்று விறைப்பாகத் தெரியும். தடித்த துணியில் சுற்றிக் கூடையில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, மூடி, 10 நிமிடம் விட வேண்டும். தன் ஆவியிலேயே மறுபடி வெந்து இளகும். சுருட்டினால் முறிகிற டோர்ட்டியாக்களில் பாதிக்கு இந்தப் பத்து நிமிடம் கொடுக்கப்படாததே காரணம். ஹாட்பாக்சில் வைத்தால் துணி கட்டாயம், இல்லாவிட்டால் மூடியில் வேர்த்த நீர் சொட்டி மேலே உள்ளவை ஊறிப்போகும்.

மிச்சமானால்

அரைத்த மாசா அன்றே தீர வேண்டியது. வெளியே விட்டால் சாயங்காலத்துக்குள் புளிப்பு வாடை வந்துவிடும். குளிர்பெட்டியில் இரண்டு நாள் தாங்கும், எடுத்து அறைச் சூட்டுக்கு வந்ததும் தண்ணீர் தெளித்துப் பிசைய வேண்டும். அரைக்காத நிஷ்தமலாகக் கழுவி வைத்தால் மூன்று நாள் நிற்கும், தேவைக்கு அரைத்துக்கொள்ளலாம்.

சுட்ட டோர்ட்டியா குளிர்பெட்டியில் சீக்கிரம் விறைக்கும். வெந்த மாவுச்சத்து அந்தக் குளிரில்தான் வேகமாக மறுபடி இறுகுகிறது. உறைபெட்டியில் போட்டுவிட்டால் இது நடக்காது. உறைந்ததை நனைந்த விரலால் ஒருமுறை தடவி நேராகக் காய்ந்த கல்லில் போட்டுப் பக்கத்துக்கு 30 நொடி திருப்பினால் போதும். மெக்சிகோவில் நேற்றைய டோர்ட்டியாவை யாரும் எறிவதில்லை. முக்கோணமாக வெட்டி ஒரு மணி நேரம் உலரவிட்டு, காய்ந்த எண்ணெயில் பொரித்தால் டோடோபோஸ். அதை மிளகாய்ச் சாற்றில் புரட்டினால் சிலகிலேஸ். இரண்டுக்கும் புதிதாய்ச் சுட்டது உதவாது. ஈரம் இருப்பதால் எண்ணெயைக் குடித்து மெத்தென்று நிற்கும்.